12 வாரப் படிப்பு, முடிந்ததும் மூன்று வாரம் சுற்றல்: ஸ்டூடண்ட் விசாவா, டூரிஸ்ட் விசாவா, இரண்டுமா?

#1 | பயணப்பை

எல்லோருக்கும் வணக்கம். இரண்டு வாரமாகத் தேடிப் பார்த்தும் குழப்பம் தீரவில்லை, அதனால்தான் இங்கே கேட்கிறேன்.

நான் கல்லூரியில் இரண்டாம் வருடம். ஸ்பெயினில் ஒரு மொழிப் பள்ளியில் 12 வார ஸ்பானிஷ் படிப்புக்கு இடம் கிடைத்திருக்கிறது. வகுப்பு 2026 செப்டம்பர் 7 திங்கள்கிழமை தொடங்கி நவம்பர் 27 வெள்ளிக்கிழமை முடிகிறது. அறை பார்த்துத் தங்கிப் பழகிக்கொள்ள நாலு நாள் முன்னாடியே, அதாவது செப்டம்பர் 3 அன்றே போய்ச் சேர நினைக்கிறேன். படிப்பு முடிந்ததும் அங்கிருந்தே போர்ச்சுகல், இத்தாலி, முடிந்தால் பிரான்ஸ் என்று மூன்று வாரம் சுற்றிவிட்டு டிசம்பர் 18 அன்று கிளம்ப வேண்டும் என்று ஆசை. அவ்வளவு தூரம் போய்விட்டு ஒன்றும் பார்க்காமல் திரும்ப மனசு வரவில்லை.

என் பாஸ்போர்ட்டுக்கு விசா கட்டாயம் வேண்டும். இரண்டு ஏஜென்டிடம் பேசினேன். ஒருவர், படிப்புக்கு ஸ்டூடண்ட் விசா எடுங்கள், சுற்றுவதற்குத் தனியாக டூரிஸ்ட் விசா எடுங்கள், இரண்டுக்கும் நானே ஏற்பாடு செய்கிறேன் என்கிறார். இன்னொருவர், எல்லாவற்றையும் டூரிஸ்ட் விசாவிலேயே முடித்துவிடலாம், படிப்பைப் பற்றி வாயே திறக்காதீர்கள், அதுதான் சுலபம் என்கிறார். இரண்டாவது யோசனை எனக்கு உறுத்தலாக இருக்கிறது. போய் வந்தவர்கள் யாராவது சரியான வழியைச் சொல்லுங்கள்.

#2 | மஞ்சள்குடை

விசாவின் பெயரை இப்போதைக்கு விடுங்கள் நண்பரே, முதலில் நாளை எண்ணுவோம். உங்கள் சிக்கல் முழுக்க அங்கேதான் இருக்கிறது.

செப்டம்பர் 3 முதல் நாள். இறங்குகிற நாளும் கணக்கு, கிளம்புகிற நாளும் கணக்கு, இதை நிறையப் பேர் மறந்துவிடுகிறார்கள். செப்டம்பரில் 28 நாள், அக்டோபர் 31, ஆக 59. நவம்பர் 27 அன்று வகுப்பு முடியும்போது 86 ஆகிவிடும். 90ஆவது நாள் டிசம்பர் 1. நீங்கள் சொல்லும் டிசம்பர் 18 என்பது 107ஆவது நாள். ஷெங்கன் நாடுகளில் (ஒரே விசாவில் உள்ளே போய், தங்களுக்குள் எல்லைச் சோதனை இல்லாமல் சுற்றக்கூடிய ஐரோப்பிய நாடுகள்) குறுகிய காலத் தங்கல் என்றால் எந்த 180 நாளை எடுத்துக்கொண்டாலும் அதில் 90 நாளுக்கு மேல் இருக்கக் கூடாது. 29 நாட்டுக்கும் சேர்த்து ஒரே கணக்கு. ஸ்பெயினில் 86 நாள் இருந்துவிட்டு இத்தாலிக்குப் போனால் அங்கே புதிதாக ஒன்றிலிருந்து எண்ணத் தொடங்க மாட்டார்கள், 87 என்றுதான் தொடரும்.

அடுத்தது, முதல் ஏஜென்ட் சொன்னதில் உள்ள தப்பு. 90 நாளுக்குள் என்றால் ஷெங்கனில் ஸ்டூடண்ட் விசா ஒன்று, டூரிஸ்ட் விசா ஒன்று என்று இரண்டு கிடையாது. இருப்பது ஒரே சி வகை விசா. படிக்கப் போகிறீர்களா, சுற்றவா, உறவினரைப் பார்க்கவா என்பது விண்ணப்பப் படிவத்தில் ஒரு கட்டத்தில் டிக் போடுகிற விஷயம், அவ்வளவுதான். கையில் வரும் ஸ்டிக்கர் எல்லோருக்கும் ஒன்றுதான். ஆகவே படிப்புக்கு ஒரு சி விசாவும் சுற்றலுக்கு இன்னொரு சி விசாவும் வாங்கினாலும் 90 நாள் 180 ஆகிவிடாது. இரண்டும் ஒரே பானையிலிருந்துதான் அள்ள வேண்டும்.

90 நாளுக்கு மேல் போனால்தான் கதை மாறும். அப்போது அந்தந்த நாடு தன் சட்டப்படி கொடுக்கும் டி வகை விசா, அதைத்தான் உண்மையில் ஸ்டூடண்ட் விசா என்று சொல்ல வேண்டும். உங்கள் 12 வாரம் என்பது வகுப்பு நாள்களை மட்டும் எண்ணினால் 82 நாள். அதற்கு டி விசா கேட்டால், இது குறுகிய காலப் படிப்பு, சி விசாவுக்குப் போடுங்கள் என்று திருப்பி அனுப்பத்தான் வாய்ப்பு அதிகம்.

#3 | திண்ணைவாசி

இரண்டாவது ஏஜென்டை இன்றோடு விட்டுவிடுங்கள். காரணம் சொல்கிறேன்.

படிவத்தில் பயணத்தின் நோக்கம் என்று ஒரு வரி வரும். சுற்றுலா, வணிகம், குடும்பத்தினரையோ நண்பர்களையோ பார்த்தல், பண்பாடு, விளையாட்டு, மருத்துவம், படிப்பு என்று கட்டம் கட்டமாக இருக்கும். ஒன்றுக்கு மேல் டிக் போடலாம். அதற்குக் கீழேயே, நோக்கத்தைப் பற்றி மேலும் விவரம் என்று எழுத இடமும் உண்டு. அதாவது உண்மையைச் சொல்ல இடம் விட்டு வைத்திருக்கிறார்கள். நான் ஐந்து வாரப் படிப்புக்கு ஜெர்மனி போனபோது படிப்பு என்று டிக் போட்டு, அதற்குக் கீழே, படிப்பு முடிந்ததும் ஆறு நாள் ஆஸ்திரியாவில் சுற்றுலா என்று ஒரு வரி எழுதினேன். யாரும் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை.

இன்னொன்று, ஏஜென்ட்கள் பெரும்பாலும் சொல்லாத விஷயம். 2024 ஜூன் 11 முதல் பெரியவர்களுக்கு ஷெங்கன் விசா கட்டணம் 90 யூரோ. ஆனால் படிப்புக்காகவோ பயிற்சிக்காகவோ போகும் மாணவர்களிடம் இந்தக் கட்டணம் வாங்கக் கூடாது என்று ஐரோப்பிய ஒன்றியத்தின் விசா சட்டத்திலேயே இருக்கிறது (16ஆவது பிரிவு). விண்ணப்பம் வாங்கும் மையம் தன் சேவைக் கட்டணத்தைத் தனியாக வாங்கும், அது வேறு. சுற்றுலா என்று பொய் சொன்னால் பொய்யும் சொல்லி 90 யூரோவும் கட்டுவீர்கள். கவுன்டரில் அவர்களாகச் சொல்ல மாட்டார்கள், பள்ளி கொடுத்த சேர்க்கைக் கடிதத்தையும் உங்கள் கல்லூரி அடையாள அட்டையையும் முன்னால் வைத்து நீங்கள்தான் கேட்க வேண்டும். என்னிடமும் முதலில் கட்டணம் கேட்டார்கள், கடிதத்தைக் காட்டிய பிறகு உள்ளே போய் விசாரித்துவிட்டு வந்து வேண்டாம் என்றார்கள்.

#4 | வடக்குக்காற்று

மேலே சொன்னது ஐரோப்பாவுக்குத்தான் என்பதை இந்தப் பக்கத்தைப் படிக்கும் மற்றவர்கள் தயவுசெய்து கவனியுங்கள். அமெரிக்கா போகிறவர்கள் இதைப் படித்துவிட்டு அங்கேயும் இப்படித்தான் என்று நினைத்துவிடக் கூடாது, அங்கே இரண்டு விசாவும் நிஜமாகவே வேறு வேறு.

என் வகுப்புத் தோழி ஒருத்திக்கு அங்கே ஒரு பல்கலைக்கழகத்தில் மூன்று வாரக் கோடைக்காலப் படிப்பு. ஏற்கெனவே அவள் பாஸ்போர்ட்டில் பி1/பி2 விசா, அதாவது பார்வையாளர் விசா இருந்தது, குடும்பத்தோடு ஒருமுறை போய் வந்தது. மூன்று வாரம்தானே, இருக்கிற விசாவிலேயே போய்விடு என்று ஏஜென்ட் சொன்னார். விமான நிலையத்தில் அதிகாரி எதற்கு வந்தாய் என்று கேட்டார், சுற்றிப் பார்க்க என்றாள். எங்கே தங்குகிறாய் என்ற அடுத்த கேள்விக்கு அவள் காட்டியது பல்கலைக்கழக விடுதி முகவரி. உள்ளறைக்குக் கூட்டிப் போனார்கள். பையில் படிப்புக்கான கடிதம், அதில் மூன்று கிரெடிட் என்று தெளிவாக அச்சிட்டிருக்கிறது. அடுத்த விமானத்தில் திருப்பி அனுப்பிவிட்டார்கள். இப்போது எந்த நாட்டு விசாப் படிவத்தை எடுத்தாலும், எங்கேயாவது அனுமதி மறுக்கப்பட்டதா என்ற கேள்விக்கு ஆம் என்று எழுதி விளக்கம் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். அந்த ஏஜென்ட் அதன் பிறகு போனையே எடுக்கவில்லை.

விதி இதுதான். அமெரிக்காவில் பார்வையாளர் விசாவில், பட்டத்துக்குக் கணக்கில் வராத, பொழுதுபோக்குக்கான குறும்படிப்பு மட்டும்தான் செய்யலாம். இரண்டு நாள் சமையல் வகுப்பு மாதிரி. கிரெடிட் கொடுக்கும் படிப்பு என்றால் மூன்று வாரமானாலும் எஃப்-1 என்ற மாணவர் விசா வேண்டும் (சில பரிமாற்றத் திட்டங்களுக்கு ஜே-1). பல்கலைக்கழகம் ஐ-20 படிவம் (சேர்க்கைக்கான சான்று) அனுப்பும், செவிஸ் (வெளிநாட்டு மாணவர் பதிவு முறை) கட்டணம் 350 டாலர், விசா விண்ணப்பக் கட்டணம் 185 டாலர், டி.எஸ்-160 என்ற இணைய விண்ணப்பப் படிவம், அப்புறம் இன்டர்வியூ. மூன்று வாரத்துக்கு இவ்வளவா என்று தோன்றும். ஆனால் எஃப்-1இல் ஒரு நல்லது இருக்கிறது: வகுப்பு தொடங்க 30 நாள் முன்னாடியே உள்ளே போகலாம், படிப்பை ஒழுங்காக முடித்தால் அதற்குப் பிறகு 60 நாள் வரை இருந்து சுற்றலாம். பயணப்பை கேட்ட மாதிரி சுற்றுவதற்குத் தனியாக ஒரு விசா அங்கே தேவையே இல்லை.

பார்வையாளராகப் போய் இறங்கிவிட்டு அங்கே போய் ஸ்டூடண்டாக மாற்றிக்கொள்ளலாம் என்றும் சிலர் சொல்வார்கள். விண்ணப்பிக்கலாம், ஆனால் ஒப்புதல் கையில் வரும்வரை வகுப்பில் கால் வைக்கக் கூடாது. அந்த ஒப்புதல் வருவதற்குள் குறும்படிப்பு முடிந்தே போயிருக்கும்.

#5 | பயணப்பை

எல்லோருக்கும் ரொம்ப நன்றி. 107 என்ற எண்ணைப் பார்த்ததும் திக்கென்று ஆகிவிட்டது. காலண்டரை எடுத்து விரல் விட்டு எண்ணிப் பார்த்தேன், அதேதான் வருகிறது.

மஞ்சள்குடை அக்கா (அண்ணனாக இருந்தால் மன்னியுங்கள்), இரண்டு சந்தேகம். எங்கள் கல்லூரி சீனியர் ஒருவர், 90 நாள் முடிகிற சமயத்தில் குரோஷியா போய்விட்டால் அந்த நாள்கள் கணக்கில் வராது, அங்கே இருந்துவிட்டு மறுபடி உள்ளே வரலாம் என்கிறார். அது சரியா? இன்னொன்று, அந்த டி விசா எனக்குக் கிடைக்க வழியே இல்லையா? பள்ளியில் 16 வாரப் படிப்பும் இருக்கிறது.

#6 | மஞ்சள்குடை

அக்காதான்.

உங்கள் சீனியர் சொன்னது ஒரு காலத்தில் உண்மை. 2023 ஜனவரி 1 முதல் குரோஷியாவும் ஷெங்கனுக்குள் வந்துவிட்டது. பல்கேரியாவும் ருமேனியாவும் 2024 மார்ச்சில் விமானம், கப்பல் வழிக்கு மட்டும் சேர்ந்தன, 2025 ஜனவரி 1 முதல் தரைவழிக்கும் முழுதாகச் சேர்ந்துவிட்டன. பழைய பதிவுகளை நம்பி அங்கே போய் உட்கார்ந்தால் நாள் ஓடிக்கொண்டேதான் இருக்கும். ஐரோப்பிய ஒன்றியத்தில் இருந்தும் ஷெங்கனுக்கு வெளியே இப்போது இருப்பவை அயர்லாந்தும் சைப்ரஸும்தான். பிரிட்டன் ஒன்றியத்திலும் இல்லை, ஷெங்கனிலும் இல்லை. அயர்லாந்து, பிரிட்டன் இரண்டுக்கும் உங்களுக்குத் தனி விசா வேண்டியிருக்கும்.

வெளியே போகிற பேச்சு வந்ததால் ஒரு எச்சரிக்கை. சி விசாவில் எத்தனை முறை நுழையலாம் என்று ஒரு கட்டம் உண்டு. 01 என்று போட்டிருந்தால் ஒரே ஒரு முறை. நடுவில் ஒரு வார விடுமுறைக்கு லண்டன் போனீர்கள் என்று வையுங்கள், திரும்பி வரும்போது உங்கள் ஷெங்கன் விசா செத்துப்போயிருக்கும், இன்னும் 50 நாள் மிச்சம் இருந்தாலும்தான். என்னோடு படித்த பெண்ணுக்கு இது நடந்தது, பாதிப் படிப்பு போய்விட்டது, துணிமணியெல்லாம் விடுதி அறையிலேயே கிடந்தது, தோழிகள் பெட்டி கட்டி அனுப்பினோம். வெளியே போகிற எண்ணம் இருந்தால் படிவத்திலேயே பல முறை நுழைவு என்று கேட்டு, ஏன் என்பதையும் கடிதத்தில் எழுதுங்கள்.

இன்னொன்று, ஸ்டாம்பு சரியாகத் தெரியவில்லை, எல்லையில் யாரும் எண்ண மாட்டார்கள் என்ற பேச்செல்லாம் இனி செல்லாது. 2025 அக்டோபர் 12 முதல் எல்லையில் கைரேகையும் முகமும் பதிந்து, நுழைந்த நாள் வெளியேறிய நாள் எல்லாவற்றையும் கணினியே பார்த்துக்கொள்ளும் முறையைக் கொண்டு வந்திருக்கிறார்கள். ஒரு நாள் கூடினாலும் அதுவே காட்டிக் கொடுத்துவிடும்.

டி விசாவுக்கு வருகிறேன். 16 வாரம் என்றால் 90 நாளைத் தாண்டுகிறது, ஆகவே ஸ்பெயினின் ஸ்டூடண்ட் விசாவுக்குப் போடலாம். அந்தப் பள்ளி அங்கீகாரம் பெற்றதாக இருக்க வேண்டும், வாரம் 20 மணி நேரமாவது வகுப்பு இருக்க வேண்டும். 180 நாளுக்குள் இருப்பதால் அடையாள அட்டைக்கு அங்கே போய் விண்ணப்பிக்கும் வேலை இல்லை, விசாவே அனுமதி. போலீஸ் சான்றிதழும் மருத்துவச் சான்றிதழும்கூட 180 நாளுக்கு மேல் போகிறவர்களுக்குத்தான். டி விசாவில் ஸ்பெயினில் இருக்கும் நாள் அந்த 90இல் சேராது. அது செல்லுபடியாகும் வரை மற்ற ஷெங்கன் நாடுகளுக்கும் 180 நாளில் 90 நாள் வரை போய் வரலாம். வார இறுதியில் லிஸ்பன், விடுமுறையில் ரோம் என்று படிக்கிறபோதே பார்த்துவிடலாம். ஆனால் டி விசா முடிகிற தேதிக்கு மேல் தங்க வேண்டும் என்றால் அதற்கு மறுபடி வேறு விசா.

என் கருத்தை நேராகச் சொல்லிவிடுகிறேன். நாலு வாரம் கூடுதலாகப் படிக்க உங்களுக்கு விருப்பம் இருந்தால், கல்லூரியும் விட்டால், 16 வாரம் எடுங்கள், நல்ல மொழி கையில் வரும். சுற்றுவதற்கு நாள் கிடைக்கும் என்பதற்காக மட்டும் எடுக்காதீர்கள். வகுப்புக்குப் போகாத மாணவரைப் பள்ளி தன் பட்டியலிலிருந்து எடுத்துவிட்டால் விசாவின் அடிப்படையே போய்விடும்.

#7 | நூலகப்படி

மற்ற நாடுகளைப் பற்றித் தேடி வருகிறவர்களுக்காக எனக்குத் தெரிந்ததைச் சுருக்கமாகச் சொல்கிறேன், ஒவ்வொன்றும் ஒரு மாதிரி.

பிரிட்டனில் சாதாரண பார்வையாளர் விசாவிலேயே ஆறு மாதம் வரை படிக்கலாம், நிறுவனம் அங்கீகாரம் பெற்றதாக இருந்தால் போதும். ஆறு மாதத்துக்கு மேல் 11 மாதம் வரை ஆங்கிலம் படிக்கப் போகிறவர்களுக்கு என்று தனி விசா இருக்கிறது. கனடாவில் ஆறு மாதமோ அதற்குக் குறைவோ உள்ள படிப்புக்கு ஸ்டடி பர்மிட் வேண்டாம், பார்வையாளராகவே போகலாம். ஆஸ்திரேலியாவிலும் நியூசிலாந்திலும் பார்வையாளர் விசாவில் மூன்று மாதம் வரை. 13, 14 வாரப் படிப்புக்காரர்கள் இங்கேதான் மாட்டுவார்கள், மூன்று மாதம்தானே என்று வாய்வார்த்தையாகச் சொல்லிவிட்டுத் தேதியைப் பார்த்தால் ஐந்து நாள் கூட இருக்கும். 2024 ஜூலை 1 முதல் ஆஸ்திரேலியாவுக்குள் பார்வையாளராக இருந்துகொண்டு ஸ்டூடண்ட் விசாவுக்கு விண்ணப்பிக்கவும் முடியாது, வெளியே இருந்துதான்.

இதில் ஒரு கண்ணி இருக்கிறது. இப்போது நிறைய குறும்படிப்புகளில் கடைசி இரண்டு வாரம் ஒரு நிறுவனத்தில் இன்டர்ன்ஷிப் என்று சேர்த்து விற்கிறார்கள். சம்பளம் இல்லையே என்று நாம் நினைப்போம். பிரிட்டன் பார்வையாளர் விசாவில் சம்பளமில்லாத பயிற்சி வேலையும் வேலைதான், கூடாது. கனடாவிலும் படிப்பின் பகுதியாக வேலைப் பயிற்சி வந்தால் அதற்கு அனுமதி வேண்டும். ஆகவே பாடத்திட்டத்தின் கடைசிப் பக்கம்வரை படித்துவிட்டு விசா வகையை முடிவு செய்யுங்கள்.

#8 | அடுப்பங்கரை

என் மகளுக்கும் இதே மாதிரி இத்தாலியில் ஆறு வார ஓவியப் படிப்பு. விசா வகை எல்லாம் புரிந்துவிட்டது. எனக்குப் பயமாக இருப்பது பணக் கணக்குதான். எங்கள் சேமிப்பு இரண்டு மூன்று இடத்தில் சிதறிக் கிடக்கிறது. விண்ணப்பிப்பதற்கு முந்தின வாரம் எல்லாவற்றையும் அவள் பெயரில் ஒரே கணக்கில் போட்டுக் காட்டினால் போதுமா? அப்படித்தான் செய்வார்கள் என்று தெரிந்தவர்கள் சொல்கிறார்கள்.

#9 | திண்ணைவாசி

வேண்டாம் அம்மா, தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள். பேங்க் ஸ்டேட்மென்டில் அவர்கள் கடைசி வரியை மட்டும் பார்ப்பதில்லை. மூன்று மாதமாகச் சொற்பத் தொகை கிடந்த கணக்கில் திடீரென்று ஒரு பெரிய தொகை வந்து விழுந்தால், கடன் வாங்கிக் காட்டிவிட்டுத் திருப்பிக் கொடுக்கப் போகிறார்கள் என்றுதான் முதலில் தோன்றும். பணம் உங்கள் பெயரில் இருந்தால் உங்கள் பெயரிலேயே இருக்கட்டும். மகளின் செலவை நான் ஏற்கிறேன் என்று நீங்கள் ஒரு ஸ்பான்சர் கடிதம் கொடுங்கள், சில நாடுகள் அதற்கென்று தனிப் படிவமே வைத்திருக்கின்றன. உங்கள் ஆறு மாத ஸ்டேட்மென்ட், வருமானத்துக்கான ஆதாரம், மகள் என்பதற்கான சான்றிதழ், இவ்வளவும் சேர்த்து வையுங்கள். இரண்டு மூன்று கணக்கு இருந்தால் இரண்டு மூன்று ஸ்டேட்மென்ட் கொடுக்கலாம், அதில் ஒரு தப்பும் இல்லை. ஒன்றாகச் சேர்த்தே ஆக வேண்டும் என்றால் எங்கிருந்து வந்தது என்பதற்கான ரசீதையும் வையுங்கள்.

படிப்புக் கட்டணம் ஏற்கெனவே கட்டியிருந்தால் அந்த ரசீது மிகவும் முக்கியம். கட்டியாயிற்று என்றால் கையில் காட்ட வேண்டிய தொகை அந்த அளவுக்குக் குறைகிறது.

#10 | ஆற்றுமணல்

நான் ரிஜெக்ட் ஆனவன். எதனால் என்று சொல்கிறேன், யாருக்காவது உதவட்டும்.

பள்ளிக் கடிதத்தில் படிப்பு 28 நாள். இன்சூரன்ஸ் 30 நாளுக்கு எடுத்தேன். தங்குமிட முன்பதிவு 28 நாளுக்கு இருந்தது. படிவத்தில் எத்தனை நாள் தங்குவீர்கள் என்ற இடத்தில், இருக்கட்டுமே என்று 45 எழுதினேன். விமான டிக்கெட் 41ஆவது நாள். ஒவ்வொன்றையும் ஒவ்வொரு நாள் செய்தேன், ஒன்றுக்கொன்று ஒத்துப்போகிறதா என்று சேர்த்து வைத்துப் பார்க்கவே இல்லை. மறுப்புத் தாளில் அச்சடித்த காரணங்கள் வரிசையாக இருக்கும், பொருந்துவதில் குறி போட்டுத் தருவார்கள். எனக்கு இரண்டில் குறி: தங்கலின் நோக்கமும் நிலைமையும் நம்பும்படி இல்லை, விசா முடிவதற்குள் திரும்பும் எண்ணத்தில் சந்தேகம்.

மேல்முறையீடு செய்யலாம் என்று அந்தத் தாளிலேயே வழி போட்டிருந்தது. படிப்பு தொடங்க நேரம் குறைவாக இருந்ததால் மேல்முறையீட்டுக்குப் போகாமல் புதிதாகவே விண்ணப்பித்தேன். இந்த முறை ஒரு வெள்ளைத் தாளில் தேதிவாரியாக எழுதி வைத்துக்கொண்டு அதைப் பார்த்துத்தான் ஒவ்வொரு காகிதமும் வாங்கினேன். முன்பு மறுக்கப்பட்டதையும் மறைக்காமல் எழுதினேன். 12ஆவது நாள் விசா வந்தது. பணமும் அதேதான், பள்ளியும் அதேதான், மாறியது தேதிகள் மட்டும்தான்.

#11 | பயணப்பை

ஆற்றுமணல் அண்ணா, உங்கள் பதிவைப் படித்துவிட்டு என் காகிதங்களை எல்லாம் தரையில் பரப்பி வைத்துப் பார்த்தேன். இன்சூரன்ஸ் டிசம்பர் 18 வரை இருந்தது, மாற்றச் சொல்லிவிட்டேன்.

முடிவு எடுத்துவிட்டேன். 16 வாரத்துக்குக் கல்லூரியில் விடமாட்டார்கள், தேர்வு இருக்கிறது. அதனால் 12 வாரம், சி விசா. வகுப்பு முடிந்ததும் மூன்று நாள் போர்ச்சுகல், நவம்பர் 30 கிளம்புகிறேன். இத்தாலியும் பிரான்ஸும் இன்னொரு தடவை. வருத்தமாகத்தான் இருக்கிறது, ஆனால் பொய் சொல்லிவிட்டு 107 நாள் பயந்துகொண்டு இருப்பதை விட இது மேல் என்று அம்மாவும் சொன்னாள்.

கவரிங் லெட்டரில் முக்கியமான பத்தியை இப்படி எழுதியிருக்கிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"2026 செப்டம்பர் 7 முதல் நவம்பர் 27 வரை 12 வார ஸ்பானிஷ் மொழிப் படிப்பில் சேர்ந்துள்ளேன். தங்குமிடம் ஏற்பாடு செய்ய செப்டம்பர் 3 அன்று வருகிறேன். படிப்புக்குப் பின் நவம்பர் 28 முதல் 30 வரை போர்ச்சுகலில் சுற்றுலா. நவம்பர் 30 அன்று லிஸ்பனிலிருந்து புறப்படுகிறேன். மொத்தம் 89 நாள். டிசம்பர் 7 அன்று என் கல்லூரியில் பருவத் தேர்வு தொடங்குகிறது, அட்டவணையை இணைத்துள்ளேன்."

#12 | மஞ்சள்குடை

அருமையாக இருக்கிறது, ஒரு வார்த்தை கூட்ட வேண்டாம். தேர்வு அட்டவணையை இணைத்தது ரொம்பச் சரி, திரும்பி வருவேன் என்று பத்து வரி எழுதுவதைவிட அந்த ஒரு தாள் பேசும்.

அப்புறம் சில சின்ன விஷயங்கள். அதிக நாள் இருப்பது ஸ்பெயின், ஆகவே ஸ்பெயின் தூதரகத்துக்குத்தான் விண்ணப்பம், போர்ச்சுகலிலிருந்து கிளம்புவதால் அது மாறாது. இன்சூரன்ஸ் குறைந்தது 30,000 யூரோ, எல்லா ஷெங்கன் நாட்டுக்கும் செல்ல வேண்டும். பாஸ்போர்ட் நீங்கள் கிளம்பும் தேதிக்குப் பிறகு மூன்று மாதமாவது செல்லுபடியாக வேண்டும், பத்து வருடத்துக்குள் கொடுத்ததாக இருக்க வேண்டும், இரண்டு பக்கம் காலியாக வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்னாலிருந்தே விண்ணப்பிக்கலாம், கடைசிக் கெடு 15 நாள். சாதாரணமாக 15 நாளில் முடிவு சொல்வார்கள், தேவைப்பட்டால் 45 நாள் வரை இழுக்கலாம். கோடை விடுமுறைக்கூட்டம் தொடங்கினால் அப்பாயின்ட்மென்ட் கிடைப்பதே பெரும்பாடு. இந்த வாரமே தேதி பிடியுங்கள்.

#13 | வடக்குக்காற்று

கவுன்டரில் கேள்வி கேட்டால் கடிதத்தில் என்ன இருக்கிறதோ அதையே சாதாரணமாகச் சொல்லுங்கள், மனப்பாடம் செய்ய வேண்டாம். ஏன் ஸ்பானிஷ் என்று கேட்டால் உங்கள் சொந்தக் காரணத்தைச் சொல்லுங்கள். வாழ்த்துகள்.

#14 | பயணப்பை

பாஸ்போர்ட் வந்துவிட்டது!! விசா கொடுத்துவிட்டார்கள்! கட்டணமும் வாங்கவில்லை, திண்ணைவாசி அண்ணா சொன்ன மாதிரி கடிதத்தைக் காட்டிக் கேட்டேன்.

ஆனால் ஸ்டிக்கரில் ஒன்று புரியவில்லை. எந்தத் தேதியிலிருந்து என்ற இடத்தில் 03-09-26, எதுவரை என்ற இடத்தில் 15-12-26, நுழைவு 01, தங்கும் நாள் 89 என்று இருக்கிறது. நான் கேட்டது நவம்பர் 30 வரைதானே? அவர்களே டிசம்பர் 15 வரை கொடுத்திருக்கிறார்கள் என்றால் அதுவரை இருக்கலாம் என்று அர்த்தமா? அப்படியானால் இத்தாலியையும் பார்த்துவிடலாமே என்று மறுபடி ஆசை வந்துவிட்டது. என்னோடு படிக்க வரும் பையன் ஒருவனுக்கும் இதே மாதிரிதான் வந்திருக்கிறது, அவன் டிக்கெட்டையே மாற்றப் போகிறேன் என்கிறான்.

#15 | மஞ்சள்குடை

அந்தப் பையனை உடனே கூப்பிட்டுத் தடுத்து நிறுத்துங்கள்.

தங்கும் நாள் என்ற கட்டத்தில் இருக்கும் 89தான் உங்களுக்கு உரிமையான நாள். மேலே உள்ள இரண்டு தேதியும் அந்த 89 நாளை எந்த இடைவெளிக்குள் பயன்படுத்தலாம் என்பதற்கு மட்டும். விமானம் தள்ளிப்போகலாம், வகுப்பு இரண்டு நாள் தாமதமாகத் தொடங்கலாம், அதற்காக 15 நாள் கூடுதல் இடைவெளி விட்டுத்தான் ஸ்டிக்கர் அடிப்பார்கள். நவம்பர் 30உடன் 15 நாளைக் கூட்டிப் பாருங்கள், டிசம்பர் 15 வருகிறது. நீங்கள் செப்டம்பர் 3க்குப் பதில் 8ஆம் தேதி இறங்கினால் 89ஆவது நாள் டிசம்பர் 5 ஆகும், அப்போது அந்த இடைவெளி உதவும். 3ஆம் தேதி இறங்கினால் நவம்பர் 30 அன்று வெளியேறியாக வேண்டும். ஐரோப்பிய ஆணையத்தின் இணையதளத்தில் நாள் எண்ணும் கருவி இருக்கிறது, தேதியைப் போட்டு நீங்களே சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

நுழைவு 01 என்றும் சொல்கிறீர்கள். நடுவில் ஷெங்கனை விட்டு வெளியே போய்விடாதீர்கள், போர்ச்சுகல் உள்ளேதான் இருக்கிறது, பிரச்சினை இல்லை.

#16 | பயணப்பை

அவனிடம் பேசிவிட்டேன் அக்கா, நல்லவேளை இன்னும் பணம் கட்டவில்லை. என் டிக்கெட் நவம்பர் 30, லிஸ்பனிலிருந்து மதியம் 2:10. அதை அப்படியே வைத்துக்கொள்கிறேன்.